பூட்டு உபயம்

கூனங்கல் காவல் நிலையத்தில் அரசாங்கம் வாங்கிக் கொடுத்தது என்று கை வைத்துக் காட்ட வேண்டுமானால் துப்பாக்கிகளைத்தான் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் உபயம். வாசலில் நிற்கும் இரும்புத் தடுப்புகளில் விக்கிரமசிங்கபுரத்து ஜவுளிக்கடை ஒன்றின் பெயர். தலைக்கு மேலே சுற்றும் விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஒரு பாத்திரக்கடை. கரண்ட் போனால்தான் படிக்க முடியும். தண்ணீர்த் தொட்டி அரிசி ஆலைக்காரர் உபயம். பிடித்து வருகிறவர்களை உட்கார வைக்கும் பெஞ்சு, ஒரு காலத்தில் பிடிபட்டு வந்து தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் உபயம். அவருக்கு இடுப்பு வலித்திருக்கும் போலிருக்கிறது.

உதவி ஆய்வாளர் கெசியா மாற்றலாகி வந்த புதிதில் இதையெல்லாம் பார்த்து முகம் சுளித்தாள். பாளையங்கோட்டைக்காரி. அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்கினால்கூட மறுநாள் திருப்பிக் கொடுக்கிற குடும்பம். பேனா, பேப்பர், அரக்கு, நூல் எல்லாம் தன் சம்பளத்தில் வாங்கிப் போட்டாள். ஏட்டு ரசீத் அதைப் பார்த்துச் சிரித்தார். மேலப்பாளையத்துக்காரர், கேட்டு வாங்குவதில் கைதேர்ந்தவர். “இப்படியே போனா நீங்க ஸ்டேஷனுக்கு வாடகையும் கட்ட வேண்டியதுதாம்மா” என்றார்.

அவளுடைய வைராக்கியம் ஆறு பெட்டி வெடியில் முடிந்தது.

ஆற்றில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிக்கிறான் என்று சுடலைக்கண்ணு மேல் புகார் வந்திருந்தது. கிணறு வெட்டும் கோஷ்டியில் வேலை செய்கிறவன். தாமிரபரணிக் கரையில் அவன் குடிசைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் ஜெலட்டின் குச்சிகள் ஆறு பெட்டி. மேஸ்திரி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேரளாவுக்குப் போனவர் திரும்பவில்லையாம். கெசியா மீன் திருடனைத் தேடிப் போனாள்; கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

கைப்பற்றிய பொருளுக்கு அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். சீட்டு நிலையத்தில் இல்லை, கேட்டால் மாவட்டத்திலும் இல்லை. மூன்றாவது படிக்கும் மகள் ஸ்வீட்லினின் நோட்டு லேபிள்கள் ஒரு கத்தை வீட்டில் மிச்சம் கிடந்தன. ஓரத்தில் பச்சைக் கிளி. பெயர், வகுப்பு, பாடம் என்று மூன்று கோடு. கெசியா ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு லேபிள் எழுதினாள். பெயர் என்ற இடத்தில் ஜெலட்டின். வகுப்பு என்ற இடத்தில் இரண்டு. சட்டம் அந்தச் சரக்கை இரண்டாம் வகுப்பில்தான் வைத்திருக்கிறது. பாடம் என்ற இடத்தில் குற்ற எண். ஈரம் படக் கூடாது என்று ரசீத் ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடி டேப் ஒட்டினார். “நல்லா படிக்கிற புள்ளைகம்மா, சத்தமே காட்ட மாட்டேங்கு” என்றார்.

சுடலைக்கண்ணு சிறைக்குப் போய்ப் பிணையில் வந்தான். தினமும் காலையில் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிடலாம் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. சாமி வரம் கொடுத்தாயிற்று, பூசாரிதான் கொடுக்கவில்லை. வெடி அழிக்கும் குழு வரத் தயார். ஆனால் குழி தோண்ட இயந்திரம், மணல் மூட்டை, பக்கத்தில் நிற்கத் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், இத்தனைக்கும் டீசல். இதெல்லாம் எந்தத் துறை, எந்தத் தலைப்பில் கொடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கெசியா எழுதினாள். திரும்ப எழுதினாள். நிதி ஒதுக்கீடு வந்ததும் பரிசீலிக்கப்படும் என்ற பதில் மட்டும் தவறாமல் வந்தது.

ஆறு பெட்டியும் நிலைய மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. பக்கத்துச் சுவரில்தான் போலீஸ்காரர்கள் செல்போனுக்குச் சார்ஜ் போடுவார்கள். இரண்டடி தள்ளி லாக்கப். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மலைப்பக்கம் இருந்து வந்த இடி, நிலையத்துக்கு எதிரே நின்ற பனைமரத்தில் விழுந்தது. மரம் நின்றபடியே எரிவதைப் பார்த்துக்கொண்டு கெசியா டி.எஸ்.பி.க்குப் போன் செய்தாள்.

“லோக்கல்ல யாரையாவது பாத்துச் செய்ங்கம்மா” என்றார் அவர். “எல்லா ஸ்டேஷன்லயும் அப்படித்தான நடக்குது.”

ரசீத் அந்தப் பேச்சு முடியக் காத்திருந்தார். “ஞானசிகாமணி அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா. நீங்க சொல்லாண்டாம், நான் சொல்லுதேன்.”

ஞானசிகாமணி மலையடிவாரத்தில் கல் குவாரி நடத்துகிறவர். உரிமம் பெற்ற வெடி குடோன் வைத்திருக்கிறவர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், யாரையும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முதல் வரிசை. கெசியாவின் கணவன் ஜெய்சன் வேலை பார்க்கும் பள்ளியின் புதுக் கட்டடத்தில் அவர் பெயர்தான் செதுக்கியிருக்கிறது. வெடிபொருள் துறையில் இருந்து வருஷத்துக்கு ஒருமுறை குடோனைச் சோதிக்க வரும் அதிகாரிக்குத் துறையில் வண்டி கிடையாது. ஜங்ஷனில் இறங்கி அண்ணாச்சியின் காரில்தான் வருவார். சோதித்துவிட்டு அதே காரில் போவார். அதில் ஒருவருக்கும் ஒளிவுமறைவு கிடையாது, மரியாதை என்று அதற்குப் பெயர்.

கெசியா சரி என்று தலையை ஆட்டினாள். பனைமரம் எரிந்ததைப் பார்த்திருந்தால் யாரும் ஆட்டியிருப்பார்கள்.

நிலையத்துக்குப் பின்னால் வாய்க்காலைப் பார்த்த காலி இடத்தில் கெட்டியான அறை ஒன்று எழும்பியது. இரும்புக் கதவு. ஒரு தேங்காய்ப் பருமனில் திண்டுக்கல் பூட்டு. கதவில் நீலப் பெயிண்டில், உபயம்: ஞானசிகாமணி, கூனங்கல். ரசீத் சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“ரெண்டு குடுத்தாவம்மா. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு பீரோவுல.”

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கெசியாவும் பார்க்கவில்லை. தினமும் ரோந்து முடிந்து வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். எப்போதாவது கதவைத் திறந்தால் ஆறு பெட்டியும் அடுக்கியபடி இருக்கும்; வாசலில் நின்றே பார்த்துவிட்டுச் சாத்திவிடுவாள். பெட்டிகளைத் தொட அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாசியில் ஆறு வற்றிக் கசம் என்கிற ஆழமான பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும் காலத்தில், விடிந்ததும் ஒரு மாடு மேய்க்கிறவர் ஓடிவந்தார். கசத்தோரம் ஒரு பையன் செத்துக் கிடக்கிறான், வெடி என்றார்.

பாறையில் பாதியும் தண்ணீரில் பாதியுமாகக் கிடந்தவன் பெனோ. அண்ணாச்சியின் குவாரியில் பாறையில் துளை போடுகிறவன். விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகன். முகத்தில் ஒரு பக்கம் இல்லை. கெசியா போவதற்கு முன்பே குவாரி மேனேஜர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“நேத்து வேலைக்கே வரலம்மா. மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சானாம். கையிலயே வெடிச்சிருக்கு, பாவம்.”

கெசியா தண்ணீரைப் பார்த்தாள். கசத்தில் தோட்டா போட்டால் இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் போக முடியாது. வயிறு வெளுத்த மீன்கள் மிதக்கும், குஞ்சும் குளுவானுமாகக் கரையெல்லாம் நாறும், காக்காயும் நாயும் கூடிவிடும். அப்படி ஒரு புகாரில்தானே அவள் சுடலைக்கண்ணுவைப் பிடித்தாள். இங்கே ஒரு மீன்கூட மிதக்கவில்லை. பக்கத்துக் கிளையில் மீன்கொத்தி ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அவள் குனிந்தாள். பெனோவின் தலைமுடியிலும் காது மடலிலும் வெள்ளை வெளேரென்று கல்தூசி.

எங்கோ செத்தவனை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

மத்தியானம் டி.எஸ்.பி. வந்தார். ஆற்றை ஒரு பார்வை, உடலை ஒரு பார்வை. “சுடலைக்கண்ணு பெயில்லதான இருக்கான்? அவன் குடுத்த தோட்டா. வேற யாருகிட்ட இருக்கும் இந்த ஏரியாவுல?” சாயங்காலத்துக்குள் சிறப்புப் படை சுடலைக்கண்ணுவைக் கொண்டுவந்து லாக்கப்பில் தள்ளிவிட்டுப் போனது. சாவுக்குக் காரணமான வழக்கு. உள்ளே போனால் லேசில் வெளியே வர மாட்டான். அவனுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“அம்மா, நான் அந்தத் தொழில விட்டுட்டேம்மா” என்றான், கம்பியைப் பிடித்துக்கொண்டு. “தெனமும் காலைல உங்க முன்னாலதான வந்து நிக்கேன். இருந்த தோட்டா எல்லாத்தையும் நீங்கதான எடுத்திய. எங்கிட்ட ஏதும்மா?”

“நீரு பேசாம இரும் வே” என்றாள் கெசியா. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. நிலைய வாசலில் சுடலைக்கண்ணுவின் மனைவி ஜவுளிக்கடைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, போகவும் இல்லை.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் வாக்குமூலம் வாங்க விக்கிரமசிங்கபுரம் போனாள். மில் தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசையில் ஒற்றை அறை வீடு. பெனோவின் மனைவி சாலோமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூலையில் புது அரிசி மூட்டை ஒன்று, பிரிக்காமல்.

“குவாரிலருந்து வந்தாவ” என்றாள் சாலோமி. “அடக்கச் செலவெல்லாம் அண்ணாச்சிதான். புள்ளைய அவிய ஸ்கூல்லயே சேத்துப் படிக்க வைக்கேன்னு சொல்லிருக்காவ.”

“அவரு மீன் பிடிக்கப் போவாரா?”

“நீச்சலே தெரியாதும்மா அவியளுக்கு. ஆத்துல குளிக்கணும்னாலும் படியிலயே உக்காந்து சொம்புல மோந்து ஊத்துவாவ.” பிறகு தானாகவே சொன்னாள். “போன வாரம் பூரா பொலம்பல். மேல உள்ள பாறையில, உத்தரவு இல்லாத இடத்துல வெடி வைக்காவளாம். கணக்குல வராத தோட்டாவாம். எல்லாம் பழசு, பாதி வெடிக்க மாட்டேங்குன்னாவ. வெடிக்காத குழிய நோண்டி எடுன்னு சொல்லுதாவ, பயமா இருக்குன்னாவ. போவாதியன்னு சொன்னேன். போனாவ.”

சாலோமி அப்போதுதான் அழுதாள். சின்னப் பெண் ஒன்று, நான்கு வயது இருக்கும், அம்மா அழுவதைக் கண்டு தானும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கையில் இருந்த டிபன் டப்பாவைக் கெசியாவிடம் நீட்டியது. உள்ளே முறுக்கு.

மூடியில் பச்சைக் கிளி.

கிளிக்குப் பக்கத்தில், கண்ணாடி டேப்புக்கு அடியில், நீல மையில் கெசியாவின் கையெழுத்து. பெயர்: ஜெலட்டின். வகுப்பு: 2. கீழே குற்ற எண்.

“குவாரில எல்லாரு டப்பாவும் ஒரே மாதிரி இருக்குமாம்” என்றாள் சாலோமி, கண்ணைத் துடைத்தபடி. “மாறிப் போவாம இருக்க ஒட்டுனாவ. தோட்டாக் கட்டுல ஒட்டியிருந்துச்சாம், உரிச்சிட்டு வந்தாவ. கழுவுனாலும் போவ மாட்டேங்கு. இவளுக்கு அந்தக் கிளின்னா உசுரு.”

கெசியா முறுக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். போடாமல் இருந்தால் குழந்தை டப்பாவை எடுக்காது போலிருந்தது.

நிலையத்துக்குத் திரும்பியதும் ரசீத்தைக் கூட்டிக்கொண்டு நேரே பின்னால் போனாள். பூட்டைத் திறந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. முன்வரிசைப் பெட்டிகள் மூன்றும் சரியாக இருந்தன. பின்வரிசையில் முதல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஜல்லி. நல்ல முக்கால் இஞ்சு ஜல்லி, புதிதாக உடைத்தது. அடுத்ததிலும் ஜல்லி. அதற்கு அடுத்ததிலும்.

ரசீத் ஜல்லியைக் கையில் அள்ளிப் பார்த்தார். “யா அல்லா. பூட்டு ஒடையலையேம்மா. சாவி ரெண்டும் நம்மகிட்டதான இருக்கு.”

கோயில் கொடை விழா பந்தோபஸ்துக்கு எல்லாரும் போகிற நாட்களில் நிலையத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார், அவரும் முன்னால். பின்பக்கம் வாய்க்கால். அந்த நாட்களில் போலீஸ்காரர்களை ஏற்றிப் போக வேன் கொடுத்து உதவியதும் அண்ணாச்சிதான். நிலையம் எப்போது காலியாகும் என்று நிலையத்தை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கெசியா சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

அண்ணாச்சி குவாரி ஆபீசில்தான் இருந்தார். எழுந்து நின்று வரவேற்றார். இளநீர் வெட்டச் சொன்னார்.

“குடோனைப் பாக்கணும் அண்ணாச்சி.”

“பாருங்களேன். சாவி மேனேஜர்ட்ட இருக்கு. அவரு அம்பாசமுத்திரம் போயிருக்காரு, வந்துருவாரு.”

“பரவாயில்ல” என்று கெசியா நடந்தாள். குவாரியின் ஓரத்தில், முள்கம்பி வேலிக்குள் தனியாக நின்றது குடோன். இரும்புக் கதவு. ஒரு தேங்காய்ப் பருமனில் திண்டுக்கல் பூட்டு. அவள் தன் பையில் இருந்த சாவியை எடுத்து அதில் நுழைத்துத் திருப்பினாள். எண்ணெய் போட்டு வைத்திருந்த பூட்டு, சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

பின்னால் வந்த ஞானசிகாமணி நின்றார். பூட்டைப் பார்த்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

“ஜோடியா வாங்குனது” என்றார். “ஒரே சாவி போடச் சொன்னேன். ஆளுக்கொரு சாவிக்கொத்து தூக்கிட்டு அலைய முடியாதுல்லா.”

“ஒரு பையன் செத்திருக்கான் அண்ணாச்சி. அரசாங்கம் கைப்பற்றி வச்ச வெடியில. என் ஷெட்டுல இருந்து எடுத்த வெடியில.”

“ஒங்க ஷெட்டா?” அவர் குரல் ஏறவே இல்லை. “செங்கலு நான் குடுத்தேன். கதவு நான் குடுத்தேன். கூலி நான் குடுத்தேன். அரசாங்கம் அதுல ஒரு ஆணி அடிச்சிருக்கா, சொல்லுங்க. என் வீட்டு அலமாரிய நான் தொறந்தா அது திருட்டாம்மா? நீங்க எப்படியும் அழிக்கப்போற சரக்கு, அதுக்கும் துட்டு இல்லாம கெடந்தது. கணக்குல உள்ள தோட்டா ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு, எங்க வெடிச்சேன்னு கேப்பாவ. இதுக்கு யாரு கேப்பா?”

“நான் கேக்கேன்.”

“கேளுங்க. எழுதுங்க. ஆனா மொத வரியில பூட்டு எங்க வாங்குனதுன்னு எழுதணும்லா” என்றார் அவர். பிறகு, வீட்டுக்கு வந்த மகளிடம் சொல்கிறவர் மாதிரி, “வெயில்ல நிக்காதிய. இளநிய குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலிக்கு முள் வாங்கக் காசில்லாமல் மாட்டிடமே கேட்டு வாங்கியிருக்கிறோம் என்று கெசியாவுக்குத் தோன்றியது. இளநீரைக் குடிக்கவில்லை.

வீட்டில் ஜெய்சன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். “ஸ்கூல் தாளாளர் கமிட்டில அவருதான் இருக்காரு கெசியா. உன் வேலையோட என் வேலையும் போவும். அந்தச் சுடலைக்கண்ணு ஏற்கெனவே தோட்டா போட்டவன்தான? நல்லவன் ஒண்ணும் இல்லையே.”

“போட்டான். ஜெயிலுக்கும் போனான். இத அவன் செய்யல.”

“நீயும்தான் செய்யல.”

“நான் செஞ்சேன்” என்றாள் கெசியா. “பூட்டத் தொங்கவிட்டுட்டு அதப் பாதுகாப்புன்னு நெனச்சேன்.”

ரசீத் அவளைத் தேடி வந்து நின்றார். “அம்மா, கேட்டு வாங்குனது நான். எம் பேரு வந்தா பென்ஷன் போச்சு. மவளுக்கு இப்பத்தான் நிக்காஹ் பேசிருக்கோம்.” அவர் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உபயத்தை நான் கேட்டேன், சாவியை நான் வாங்கினேன் என்று எழுதுகிறேன், போங்க என்றாள் கெசியா.

டி.எஸ்.பி. அறையில் விசிறிக்கும் ஒரு உபயதாரர் பெயர் இருந்தது. அவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர்.

“சுடலைக்கண்ணு உள்ள போனா ஒருத்தன் உள்ள போறான். நீ எழுதுனா பூட்டு உன் பொறுப்பு, பெட்டி உன் பொறுப்பு. முதல்ல நீதான்மா போவ.”

“நிதி கேட்டு நான் எழுதுனது எல்லாம் இருக்கு சார். லோக்கல்ல பாத்துச் செய்ன்னு நீங்கதான சொன்னிய.”

“சொன்னேன். எழுதினேனா?”

கெசியா வெளியே வந்து மறுபடியும் விக்கிரமசிங்கபுரம் போனாள். அரிசி மூட்டை இன்னும் பிரிக்காமல்தான் இருந்தது. மூடியில் இருப்பது தன் கையெழுத்து என்றும், அது இல்லாவிட்டால் தன் பேச்சை எந்த நீதிபதியும் நம்ப மாட்டார் என்றும், அதைக் கொடுத்தால் அண்ணாச்சி படிப்புச் செலவு செய்ய மாட்டார் என்றும் ஒளிக்காமல் சொன்னாள். சாலோமி மூடியைக் கையில் எடுத்து விரலால் தடவினாள்.

“மீன் திருடப் போயிச் செத்தான்னு பேப்பர்ல போட்டுட்டாவ” என்றாள். “எங்க மாமா அந்தப் பேப்பர மில்லு வாசல்ல நின்னு படிச்சாவளாம். அத மட்டும் மாத்திக் குடுங்க. அரிசிய நான் திருப்பி அனுப்பிக்கிடுதேன்.”

குழந்தை மூடிக்காக வீறிட்டு அழுதது. தெருமுனை வரைக்கும் அந்த அழுகை கெசியாவின் முதுகில் கேட்டுக்கொண்டே வந்தது.

மாஜிஸ்திரேட் முன்னால் மூடியையும், சாவியையும், ஒரு கைப்பிடி ஜல்லியையும் வைத்தாள். சுடலைக்கண்ணு மேல் இருந்த சாவு வழக்கு எடுபடவில்லை. குவாரி மேனேஜரைக் கைது செய்தார்கள். ஞானசிகாமணிக்கு நெஞ்சு வலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தார், ஜாமீன் கிடைத்ததும் வலி போய்விட்டது. குவாரியை மூடினார்கள். அடுத்த மழைக்கு முன்பே திறந்தார்கள். பேப்பரில் பெனோவைப் பற்றி இரண்டு வரித் திருத்தம் வந்தது. சாலோமி அதைக் கத்தரித்து மாமனாரிடம் கொடுத்தாளாம்.

கெசியாவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். குற்றச்சாட்டு: கைப்பற்றிய வெடிபொருளைப் பாதுகாக்கத் தவறியது, அனுமதியின்றித் தனியாரிடம் நன்கொடை பெற்றது. விசாரணை அதிகாரி நல்ல கண்ணாடி போட்டவர். “பூட்டு எந்த நிதித் தலைப்பில் வாங்கப்பட்டது?” என்று கேட்டார். நிதித் தலைப்பு எதுவும் இல்லை என்றாள். அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஏன் இல்லை என்று கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள், மிச்சம் இருந்த தன் சாமான்களை எடுக்க நிலையத்துக்குப் போனாள். வரும் வழியில் வாங்கிய கிளி லேபிள் கத்தை ஒன்று பையில் இருந்தது. சாலோமி வீட்டுக்கு அப்புறம் போக வேண்டும். வாசலில் அவள் கண்ணுக்கு ஏதோ குறைந்தது. தடுப்புகளுக்குப் புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்து ஜவுளிக்கடைப் பெயர் போயிருந்தது. விசிறி இறக்கைகள் வெள்ளையாக இருந்தன. பெஞ்சின் முதுகில் இருந்த பெயரைத் தேய்த்து வார்னிஷ் போட்டிருந்தார்கள். சுடலைக்கண்ணு கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பழைய வழக்கு இன்னும் முடியவில்லை. அவளைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். ஒரு கண்ணில் பார்வை திரும்பவே இல்லை என்றான்.

“சர்க்குலர் வந்துச்சும்மா” என்றார் ரசீத். “ஸ்டேஷன்ல எந்தப் பொருள்லயும் தனியார் பேரு தெரியக் கூடாதாம்.”

“பொருள் வாங்கக் கூடாதுன்னு இருக்கா?”

“அது இல்லம்மா. பேருதான்.”

பின்னால் போனாள். மிச்சம் இருந்த பெட்டிகள் மூன்றும் இன்னும் உள்ளேதான் இருந்தன. அழிக்க நிதி வரவில்லை. கதவில் நீல எழுத்துக்கு மேல் சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பழைய பூட்டு நீதிமன்றத்தில் இருந்தது. அந்த இடத்தில் புதுப் பூட்டு, அதைவிடப் பெரியது, பளபளவென்று தொங்கியது.

“யாரு வாங்கிக் குடுத்தா ஏட்டையா?”

ரசீத் வாய்க்காலைப் பார்த்தார்.

“சாவி எத்தன?”

“ரெண்டு குடுத்தாவம்மா” என்றார் ரசீத்.

கெசியா பூட்டைப் பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் பூட்டியிருந்தது.